கும்பிட்டுக் கேட்டால் கிடைப்பது கூலி உயர்வல்ல!

பாடாலூர் கடைவீதியில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். திருச்சி - சென்னை நெடுஞ்சாலை ஓரத்தில் ஆலை வேனுக்காகக் காத்து நிற்கும் வாலிபர்கள் ஒரு பக்கம். வெங்காயக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் போக மினி லாரியில் ஏறும் பெண்கள் ஒரு பக்கம். கல்குவாரிக்கும் கிரஷருக்கும் போகிற தொழிலாளிகள் இன்னொரு பக்கம். மூன்று கூட்டமும் ஒரே கடையில்தான் டீ குடிக்கின்றன. மூன்று கூட்டத்துக்கும் பேச்சும் ஒன்றுதான்: "சாமான் விலை இப்படி ஏறுகிறது, கூலி ஏறவில்லையே!"

அங்கேதான் சென்ற வாரம் நூற்பாலை ஒன்றில் வேலை செய்யும் வாலிபர் ஒருவர் நம்மிடம் வந்தார்.

"தோழர், இந்த மாதம் முதலாளியிடம் சம்பளம் கூட்டிக் கேட்கப் போகிறேன். எப்படிப் பேசினால் தருவார்?"

"எத்தனை பேர் போகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"நான் மட்டும்தான் தோழர். ஆளைச் சேர்த்துக்கொண்டு போனால் அவருக்குக் கோபம் வரும். தனியாகப் போய்ப் பணிவாகச் சொன்னால் பார்த்துச் செய்வார் என்று மேஸ்திரி சொல்கிறார்."

தோழர்களே! வாலிபர் கேட்டது நியாயமான கேள்வி. மேஸ்திரி சொன்ன யோசனைதான் விஷம். அந்த விஷம் இன்று பல வேஷத்தில் உலவுகிறது. "நல்ல நேரம் பார்த்துப் போ, முதலாளி சிரித்த முகமாக இருக்கும்போது கேள், நீ எவ்வளவு விசுவாசமாக உழைத்தாய் என்று எடுத்துச் சொல், மற்றவன் சம்பளத்தைப் பற்றிப் பேசாதே, கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்!" படித்தவர்களும் இதைத்தான் போதிக்கிறார்கள். கேட்பதற்குமுன் தயாராக வேண்டும் என்று அவர்கள் சொல்வதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எதற்குத் தயாராவது? தலையைச் சொறிவதற்கா, தலை நிமிர்வதற்கா? அதுதான் பிரச்சினை.

தனியாகப் போகிறவனுக்கு என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. சில சமயம் ஐநூறு ரூபாய் கிடைக்கிறது. கூடவே ஓர் உத்தரவும் கிடைக்கிறது: "யாரிடமும் சொல்லாதே!" அன்றைக்கே அவன் வாய்க்குப் பூட்டு விழுந்துவிட்டது. நாளை மற்றவர்கள் கேட்டால் முதலாளி அவனைக் காட்டி, "அவனைப் போல உழையுங்கள், தருகிறேன்" என்பார். நாளை மறுநாள் மற்றவர்கள் வேலையை நிறுத்தினால் அவன் எந்தப் பக்கம் நிற்பான்? கருங்காலி என்ற பழியை விலைக்கு வாங்கிக்கொள்ளும்படி அவனை ஆக்கியது அந்த ஐநூறு ரூபாய்தான். தயவாகக் கொடுத்ததைத் தயவில்லாமல் எடுத்துக்கொள்ளவும் முடியும். உரிமையாக வாங்கியதை எடுக்க வேண்டுமானால் முதலாளி யோசிக்க வேண்டும்.

முதலாளி எதற்கு அஞ்சுகிறார்?

கேட்கிற தொகையைக் கண்டு முதலாளி மிரளுகிறார் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சேர்ந்து கேட்கும் வாயைக் கண்டுதான் அவர் மிரளுகிறார். நூறு வருஷத்துச் சரித்திரம் இதற்குச் சாட்சி.

1908 பிப்ரவரி 27. தூத்துக்குடியில் வெள்ளைக்காரன் நடத்திய கோரல் மில்லில் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அதற்கு முன்பே கூட்டம் போட்டு, தொழிலாளிக்கு அவன் நிலையை எடுத்துச் சொல்லியிருந்தார்கள். வேலை நிறுத்தம் தொடங்கியதும் அடுப்பு அணையாதிருக்க வ.உ.சி. ஏற்பாடு செய்தார். ஊர் ஜனங்கள் உதவினார்கள். ஒரு வாரத்துக்குச் சற்று மேல் நடந்த போராட்டத்தில் கூலியில் பாதி அளவுக்கு உயர்வு கிடைத்தது. உயர்வைக் கொடுத்த கையோடு ஆட்சியாளர் செய்தது என்ன? மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யையும் சிவாவையும் கைது செய்தார்கள். கூலியைப் பொறுத்துக்கொண்டவர்களால் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை!

1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். பின்னி கம்பெனி என்ன செய்தது? சங்கத் தலைவர்கள்மீது நஷ்டஈடு கேட்டு ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டது, தடையுத்தரவும் வாங்கியது. சேர்ந்து கேட்பதே குற்றம் என்றார்கள்! அந்த அநீதியை எதிர்த்து எழுந்த குரலின் பலனாகத்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இன்று சந்தா ரசீது வைத்திருக்கும் ஒவ்வொரு தொழிலாளியும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே பாருங்கள். பாடாலூரிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் திருச்சி பொன்மலை. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி ரயில்வேத் தொழிலாளிகளின் வேலை நிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டது எங்கே? சங்கத் திடலில்! 5 தோழர்கள் அந்த மண்ணில் விழுந்தார்கள். தொழிலாளர் கூடும் இடத்தைக் குறி வைத்தார்கள்.

விவசாயத் தொழிலாளிக்கு வெண்மணியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கீழத்தஞ்சையில் கேட்டது என்ன? அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதல். அரைப்படி நெல்லால் எந்த மிராசுதாரும் பிச்சைக்காரனாகிவிட மாட்டான். ஆனால் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பேரில் திரண்ட நிலப்பிரபுக்கள் செங்கொடியை இறக்கு என்றார்கள். அரைப்படியைவிட அந்தக் கொடிதான் அவர்கள் கண்ணை உறுத்தியது. கொடி இறங்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, ராமையாவின் குடிசைக்குள் உயிருக்குப் பயந்து ஒளிந்த 44 பேரை, பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும், தீ வைத்துக் கொன்றார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்தவர்களை 1973இல் ஹைகோர்ட் விடுதலை செய்தது. ஆனால் தீயில் கோரிக்கை சாகவில்லை. கணபதியா பிள்ளை கமிஷன் வந்தது. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

இதெல்லாம் பழைய கதை என்பார்கள் சிலர். அப்படியா? 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை, சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளிகள் 37 நாட்கள் வெளியே நின்றார்கள். உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்று அது. சம்பள உயர்வு கேட்டார்கள்; சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டார்கள். முட்டுக்கட்டை எதில் விழுந்தது? சங்கத்தில்! கம்பெனியின் பேரைச் சங்கத்தின் பேரில் வைக்கக் கூடாது என்று ஆட்சேபம் கிளப்பினார்கள். தொழிலாளிகள் விடவில்லை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. மே மாதம் ஊதிய ஒப்பந்தமும் வந்தது. முதலில் சங்கம், பிறகு சம்பளம்! இதுதான் வரிசை. வரிசையை மாற்றி நடந்தால் இரண்டும் கிடைக்காது.

முதலாளியின் மூன்று பதில்கள்

கோரிக்கையோடு போகிறவன் என்ன பதில் வரும் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். பதில்கள் மூன்றுதான். நம் தாத்தாவுக்குச் சொன்னதும் அதுதான். நமக்குச் சொல்வதும் அதுதான்.

முதல் பதில்: "கூலியைக் கூட்டினால் விலை ஏறிவிடும். அப்புறம் உனக்கு என்ன லாபம்?" 1865இல் லண்டனில் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் பொதுக்குழுவில் வெஸ்டன் என்ற தச்சுத் தொழிலாளியே இப்படி வாதாடினார். காரல் மார்க்ஸ் அவருக்கு விரிவாகப் பதில் சொன்னார். கூலி உயர்ந்தால் குறைவது முதன்மையாக முதலாளியின் லாபமே என்று காட்டினார். அது நமக்குக் கஷ்டமான கணக்கு அல்ல. நம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். கிலோ 20 ரூபாய்க்கு விழுந்த வருஷமும் உண்டு. 100 ரூபாயைத் தாண்டிய வருஷமும் உண்டு. விலை நூறைத் தாண்டியபோது, குனிந்து உட்கார்ந்து வெங்காயத்தாள் அறுத்த பெண்ணின் கூலி ஐந்து மடங்கு ஏறியதா? இல்லையே! அப்படியானால் விலையை ஏற்றியது அவள் கூலியா? பட்டறை போட்டு வைத்துச் சமயம் பார்த்து விற்கும் வியாபாரியைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

இரண்டாவது பதில்: "எனக்கு நஷ்டம்." ஆலை முதலாளி சொன்னால் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: கணக்கைக் காட்டு! லாபம் வந்த வருஷம் தொழிலாளியைக் கூப்பிட்டுப் பங்கு கொடுத்தவன் அல்லவே அவன்! ஆனால் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற சின்ன விவசாயி சொன்னால், அது பல சமயம் உண்மை. உரக்கடைக்காரனும் கமிஷன் மண்டிக்காரனும் அவனையும் உறிஞ்சுகிறார்கள். அவன் நம் விரோதி அல்ல. அதற்காக அவன் நஷ்டத்தை நம் பிள்ளைகளின் வயிற்றில் கட்ட முடியாது. அவனிடம் நாம் சொல்ல வேண்டியது: "அண்ணே, கூலியைக் கூட்டிக் கொடுங்கள். உங்கள் விளைச்சலுக்குக் கட்டுப்படியான விலை கேட்டு நீங்கள் ரோட்டில் உட்காரும்போது நாங்களும் வந்து உட்காருகிறோம்." இப்படிச் சொல்லவும் தனி ஆளால் முடியாது. சங்கத்தால்தான் முடியும்.

மூன்றாவது பதில்: "இஷ்டமிருந்தால் இரு, இல்லாவிட்டால் போ. வடக்கேயிருந்து ஆள் கொண்டுவருவேன்." இதுதான் மற்ற இரண்டையும்விட அபாயமானது. ஏனென்றால் இதற்குப் பதில் முதலாளியிடம் சொல்ல வேண்டியதல்ல. நமக்குள் சொல்லிக்கொள்ள வேண்டியது. அதைப் பிறகு பார்ப்போம்.

கணக்குப் போடு!

தயாராவதன் முதல் காரியம் கணக்கு. "ஏதாவது கூட்டிக் கொடுங்கள்" என்பது கோரிக்கையல்ல, யாசகம். இவ்வளவு வேண்டும், இன்ன காரணத்தால் வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒருவனை எடுத்துக்கொள்வோம். விலைவாசி வருஷத்துக்கு நூற்றுக்கு 6 ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்ற வருஷம் 12,000 ரூபாய்க்கு வாங்கிய சாமானை இந்த வருஷம் வாங்க 12,720 ரூபாய் வேண்டும். சம்பளம் அதே 12,000 என்றால், அவன் சம்பளம் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மாதம் 720 ரூபாய் பறிபோயிருக்கிறது. முதலாளி 500 ரூபாய் "உயர்வு" கொடுத்தாலும் அது உயர்வல்ல, வெட்டுத்தான். ஆகவே முதலில் கேட்க வேண்டியது பறிபோனதை. அதற்கு மேலே கேட்பதற்குத்தான் கூலி உயர்வு என்று பேர்.

எவ்வளவு இருந்தால் ஒரு குடும்பம் மனித ஜீவனம் நடத்தும்? இதற்கும் கணக்கு இருக்கிறது. 1957இல் கூடிய 15வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் சர்க்கார், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் ஒப்புக்கொண்ட கணக்கு அது. உழைப்பவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து மூன்று பங்கு, பங்குக்கு நாள் ஒன்றுக்கு 2,700 கலோரி சாப்பாடு, குடும்பத்துக்கு வருஷம் 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, விறகு, விளக்கு, சில்லறைச் செலவுக்கு நூற்றுக்கு 20. படிப்பு, வைத்தியம், நல்லது கெட்டது, வயோதிகக் காலம் ஆகியவற்றுக்கு இன்னொரு 25 சேர்க்க வேண்டும் என்று 1991இல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. முதலாளிகளே கையெழுத்துப் போட்ட கணக்கு இது! இதிலும் வீட்டிலிருக்கும் வயதான தாய்க்குச் சோறு சேரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், காஸ், பஸ், பள்ளிக்கூடம், மருந்து, வட்டி எல்லாவற்றையும் மூன்று மாதம் எழுதுங்கள். வீட்டுக் கணக்கு வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். அவளைக் கேட்காமல் எழுதும் கணக்கு பொய்க் கணக்கு. பத்து வீட்டுக் கணக்கைச் சேர்த்து வைத்தால் அதுதான் கோரிக்கையின் அஸ்திவாரம். விவசாய வேலைக்கும் மாநில சர்க்கார் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாட்கூலி 336 ரூபாய். உங்கள் ஊரில் காட்டு வேலை செய்யும் பெண்ணுக்குக் கிடைப்பது அதற்கு மேலா, கீழா? அதையும் எழுதுங்கள். அதே காட்டில் அதே வேலைக்கு ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சம வேலைக்குச் சமக் கூலி என்று 1976இலேயே சட்டம் வந்தது. நோட்டில் எழுதிப் பார்த்தால்தான் சட்டம் எங்கே தூங்குகிறது என்று தெரியும்.

காகிதத்தை அலட்சியம் செய்யாதே!

2025 நவம்பர் 21 முதல் மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமுலுக்குக் கொண்டுவந்தது. முன்பு ரயில், மின்சாரம் போன்ற பொது உபயோக சேவைகளுக்கு மட்டும் இருந்த வேலைநிறுத்த நோட்டீஸ் நிபந்தனை, இப்போது எல்லாத் தொழில் ஸ்தாபனங்களுக்கும் வந்துவிட்டது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் பொறுக்க வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போது நிறுத்தக் கூடாது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தமாம்! பேச்சு நடத்தும் தனிச் சங்கமாக ஏற்க, ஆலைத் தொழிலாளிகளில் நூற்றுக்கு 51 பேர் அந்தச் சங்கத்தில் இருக்க வேண்டுமாம்!

இந்தச் சட்டங்களை நாம் எதிர்க்கிறோம், முறியடிக்கப் போராடுகிறோம். ஆனால் எதிர்ப்பதற்காகப் படிக்காமலிருந்தால் அகப்பட்டுக்கொள்வது நாம்தான். கோபத்தில் ஒரு நாள் வெளியே வந்துவிட்டு, "சட்டவிரோதம்" என்ற முத்திரையை வாங்கிக்கொண்டு நிற்கக் கூடாது. சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பி.எப். எண், வருகைக் கணக்கு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். காண்ட்ராக்டர் சீட்டுத் தராவிட்டால் வேலை செய்த நாளையும் நேரத்தையும் நீங்களே எழுதுங்கள். கோரிக்கை மகஜரை எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாயால் கொடுத்த வாக்குறுதி வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துபோகும்.

இன்னும் இரண்டு காரியங்கள். ஒன்று, சமயம். ஆர்டர் குவிந்து கிடக்கும் மாதத்தில் ஆலை முதலாளிக்குக் காது நன்றாகக் கேட்கும். வெங்காயம் காட்டில் முற்றி நிற்கும்போது, பருத்தி வெடித்து நிற்கும்போது கேட்டால் பதில் உடனே வரும். வேலையில்லாக் காலத்தில் கேட்பவன் தன்னையே தோற்கடிக்கிறான். இரண்டு, நிதி. முன்பணம் வாங்கியவன் கழுத்தில் கயிறு இருக்கிறது. ஒரு வாரம் அடுப்பெரியச் சங்க உண்டியலில் பணமிருந்தால்தான் அவனால் கயிற்றை மீறி நிற்க முடியும். தூத்துக்குடியில் வ.உ.சி. செய்தது அதுதான்.

நம் வீட்டுக் குப்பை

இப்போது அந்த மூன்றாவது பதிலுக்கு வருவோம். "வேறு ஆள் கொண்டுவருவேன்" என்ற மிரட்டல் ஏன் பலிக்கிறது? நாம் பிரிந்து கிடப்பதால்!

1921இல் பின்னி ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பாலோர் அதில் சேரவில்லை. புளியந்தோப்பில் தொழிலாளியும் தொழிலாளியும் மோதினார்கள், குடிசைகள் எரிந்தன, ரத்தம் சிந்தியது. வேலைநிறுத்தம் தோற்றது. லாபம் யாருக்கு? கம்பெனிக்கு! சேராதவர்கள்மீது மட்டும் பழி போட்டுவிட்டுப் போவது சுலபம். தெருவில் தள்ளி நிறுத்திய மனிதனை, போராட்டம் வந்த அன்று மட்டும் "தோழனே வா" என்று கூப்பிட்டால் அவன் எதை நம்பி வருவான்? இந்தக் கேள்வியைச் சங்கம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நூறு வருஷமாகிவிட்டது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் ஊர்த் தெரு வேறு, காலனி வேறு என்பது போய்விட்டதா? ஒரே வேனில் போகிறோம். ஒரே மிஷினில் நிற்கிறோம். மாலையில் இறங்கியதும் இரண்டு பாதையாகப் பிரிகிறோம். இதை முதலாளி நன்றாக அறிவார். சம்பளக் கணக்கை மறைத்து வைப்பதுபோல நம் பிரிவினையையும் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறார். நிரந்தரத் தொழிலாளி காண்ட்ராக்ட் தொழிலாளியைக் கீழே பார்க்கிறான். ஆண் தொழிலாளி பெண்ணின் கூலியைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லோரும் சேர்ந்து வடக்கேயிருந்து வந்தவனைத் திட்டுகிறோம். ஒரிசாவிலும் பீகாரிலும் பசி தள்ளி, ஆயிரம் மைல் தாண்டி வந்து, தகரக் கொட்டகையில் படுத்துக் கிடக்கும் அவனா நம் கூலியைக் குறைத்தவன்? அவனுக்கும் குறைத்து, நமக்கும் குறைத்தவன் ஒருவனே!

இந்தக் குப்பையைக் கூட்டாமல் எவ்வளவு கணக்குப் போட்டாலும், எவ்வளவு மகஜர் எழுதினாலும் பயனில்லை. தயாராவதில் பெரிய வேலை இதுதான். கஷ்டமான வேலையும் இதுதான்.

நேற்று மாலை அந்த நூற்பாலை வாலிபர் மறுபடி வந்தார். கையில் ஒரு நோட்டு. அதில் 14 பெயர்கள். ஊர்த் தெருக்காரர்களும் இருந்தார்கள், காலனிக்காரர்களும் இருந்தார்கள். நாம் சந்தோஷப்பட்டோம்.

"உங்கள் ஷிப்டில் மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டோம்.

"நாற்பதுக்கு மேல் தோழர். மீதிப் பேரில் பாதி பெண்கள், பாதி இந்திக்காரப் பையன்கள். அவர்களை எழுதவில்லை. பெண்கள் பயப்படுவார்கள். பையன்களுக்கு நம் பாஷை தெரியாது."

"பயப்படுகிறார்களா என்று கேட்டுப் பார்த்தீர்களா?"

வாலிபர் பதில் சொல்லவில்லை. நோட்டை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தியில் துண்டுப் பிரசுரம் போட முடியுமா தோழர்?" என்று கேட்டார்.

முடியும்! போடுவோம்! முதலாளியின் அறைக்குள் போகும் நாள் இன்னும் வரவில்லை. நோட்டில் நாற்பது பெயரும் ஏறட்டும். பிறகு போவோம். அன்றைக்கு நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து பேசுவோம்!

தனியாகப் போகாதே!

கணக்கோடு போ! கூட்டத்தோடு போ!

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!